கடன் வாங்காத கழித்தல்

நாட்டில் இப்பொழுது கல்விச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு மிகுந்திருக்கின்றது. 2026ஆம் ஆண்டிலே முதலாந் தரத்திலிருந்து தொடங்குவதென வகுக்கப்பெற்ற புதிய திட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதி வந்திருக்கின்றன. பாடவேளை எத்துணை நிமிடமாதல் வேண்டும், எப்பாடம் கட்டாயம், எப்பாடம் விருப்பம் என்றெல்லாம் அறிஞர் வாதிடுகின்றனர். வாதிடுக. ஆயின், முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஒரு குளத்தின் கீழமைந்த சிற்றூர்ப் பாடசாலையில், மூன்றாந் தரத்துப் பிள்ளையொன்று 52இலிருந்து 27ஐக் கழிக்கும்பொழுது அதன் உள்ளத்தில் நிகழ்வது யாது என்னும் வினாவை எவரும் எழுப்பக் காணேன். பாடத்திட்டம் எதுவாயினும் அப்பிள்ளை அக்கணக்கைச் செய்தேயாதல் வேண்டும். ஆதலின் அங்கிருந்தே தொடங்குவோம்.

தமிழ் படித்தவனுக்குக் கணக்கிலே என்ன வழக்கு என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். யான் இலக்கணம் பயின்றவன். பண்டிதர் பரீட்சைக்குப் படித்த காலத்தில் நன்னூலும் காரிகையுமே எனக்கு உலகம். எனினும் வன்னிப் பெருநிலப்பரப்பின் ஆரம்பப் பாடசாலைகளிலே தமிழாசிரியன், கணித ஆசிரியன் என்னும் பிரிவு இல்லை. வகுப்பாசிரியனே யாவும். காலையிலே ஆத்திசூடி சொல்லிக் கொடுத்தவனே இடைவேளைக்கு முன் வாய்ப்பாடும் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். அங்ஙனம் பல்லாண்டு செய்த பின் யான் கண்டது ஒன்றுண்டு: கணக்கிலே பிள்ளை இடறும் இடங்கள் பலவும் சொல்லிலே இடறும் இடங்களே.

52இல் 27ஐக் கழிக்கும் முறையை நாம் எவ்வாறு சொல்லிக் கொடுக்கிறோம்? "இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு, இரண்டு பன்னிரண்டாயிற்று, ஐந்து நான்காயிற்று." பிள்ளைகளும் அவ்வாறே செய்து 25 என்று விடை எழுதுகின்றனர். சரி அடையாளம் இடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவன் எழுந்து என்னைக் கேட்டான்: "சேர், வாங்கின கடனை எப்ப திருப்பிக் குடுக்கிறது?" வகுப்புச் சிரித்தது. ஆனால் அவ்வகுப்பிலே கணக்கைப் பற்றிச் சிந்தித்தவன் அவன் ஒருவனே. ஒன்றைக் கடன் வாங்கினால் அந்த ஒன்று எங்ஙனம் பத்தாகப் பெருகிற்று? வாங்கிய கடன் ஏன் மீளவில்லை? இவ்விரண்டு வினாவுக்கும் "கடன்" என்னும் சொல்லுக்குள் விடையில்லை. ஏனெனில் அங்கே கடனே நிகழவில்லை. ஐந்து பத்துகளுள் ஒரு பத்து, பத்து ஒன்றுகளாக உருமாறிற்று; அவ்வளவே. மொத்தம் 52 கூடவுமில்லை, குறையவுமில்லை.

நமது பாடநூல்களிலே இதற்கு "இனமாற்றம்" என்று ஒரு சொல் இருக்கின்றது. மிக நல்ல சொல். பத்து என்னும் இனம் ஒன்று என்னும் இனமாக மாறுகின்றது என்பதை அது உள்ளபடியே உரைக்கின்றது. ஆயின் நூலிலே இனமாற்றம், வாயிலே கடன். இஃது ஏன் என்று யான் பலகால் எண்ணியதுண்டு. கடன் என்பது ஊரறிந்த சொல், எளிதில் வந்துவிடுகின்றது. இனமாற்றம் என்பதை விளக்குதற்குப் பொருள் வேண்டும். பொருளைக் கட்டி அவிழ்க்க நேரம் வேண்டும்.

பொருளுக்குப் பஞ்சமில்லை. வன்னியிலே பனையீர்க்குக் கிடையாத ஊரில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டுகளும் இரண்டு தனி ஈர்க்கும் பிள்ளையின் முன் இருக்கட்டும். ஏழு ஈர்க்கை எடு என்றால் இரண்டுதான் தனியே உண்டு. பிள்ளை சிறிது திகைத்துப் பின் தானே ஒரு கட்டை அவிழ்க்கும். அவிழ்த்த அக்கணத்திலே இனமாற்றம் நிகழ்ந்துவிட்டது. அதன்பின் தாளிலே ஐந்தை வெட்டி நான்கு எழுதுவதன் காரணம் கையறிந்த காரணமாகிவிடும்.

இன்னும் ஒன்று. கழித்தற்கு இஃதொன்றே வழியென்று பிள்ளை எண்ணவும் கூடாது. கிளிநொச்சிச் சந்தையிலே மரக்கறி விற்கும் பெண்ணொருத்தியிடம் 270 ரூபாவுக்குப் பொருள் வாங்கி 500 ரூபாத் தாளை நீட்டிப் பாருங்கள். அவள் பூச்சியத்தின் கீழ்ப் பூச்சியம் எழுதிக் கழிப்பதில்லை. முப்பது ரூபாவை வைத்து "முந்நூறு" என்பாள்; இருநூறை வைத்து "ஐந்நூறு" என்பாள். கணக்கு முடிந்தது. 27க்கு மேல் மூன்று சென்றால் முப்பது, அதற்கு மேல் இருபத்திரண்டு சென்றால் 52, ஆகவே இருபத்தைந்து என்று அவ்வழியைப் பிள்ளை கண்டால், கழித்தல் என்பது எடுத்தல் மாத்திரமன்று, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமுமாம் என்று அதற்கு விளங்கும். ஆனால் பரீட்சைத் தாளிலே இவ்வழியிற் செய்த பிள்ளைக்குச் "செய்முறை பிழை" என்று புள்ளி குறைத்தலும் நம்மிடையே உண்டு. அது பெருங்கொடுமை.

இவ்விடத்திலே சீனநாட்டுச் செய்தி ஒன்றை வாசகர்க்குச் சொல்லுதல் பொருத்தமாகும். லிப்பிங் மா என்பவர் ஷாங்காய் நகரத்துப் பெண். கலாசாரப் புரட்சிக் காலத்திலே எட்டாம் வகுப்பளவிற் படிப்பு நின்றுபோக, இளைஞர் இலட்சோபலட்சம் பேருடன் தென்சீனத்தின் மலைப்பாங்கான ஓர் ஏழைக் கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். உழவு பயில வந்த அப்பெண்ணை ஊர்த்தலைவர் அழைத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக்கினார். ஏனைய கதை எவ்வாறாயினும், இந்த ஒரு செய்தியிலேயே வன்னியாசிரியர் பலர் தம்மைக் காண்பர். பிற்காலத்தில் அவர் அமெரிக்காவுக்குச் சென்று ஆராய்ச்சி செய்து, ஆரம்பக் கணிதத்தை அறிதலும் கற்பித்தலும் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1999இல் வெளிவந்தது. அமெரிக்க ஆசிரியர் 23 பேரையும் சீன ஆசிரியர் 72 பேரையும் ஒரே வினாக்களைக் கேட்டு அவர் ஒப்புநோக்கினார். முதல் வினா என்ன தெரியுமா? 52இல் 25 கழித்தல் போன்ற கணக்கை எவ்வாறு கற்பிப்பீர் என்பதே.

அமெரிக்க ஆசிரியருட் பெரும்பாலார் நம்மைப் போலவே கடன் வாங்கினர். சீன ஆசிரியருட் பெரும்பாலாரோ "உயர்ந்த அலகொன்றைப் பிரித்தல்" என்று அதனைக் கூறினர். கடன் என்னும் சொல்லை விலக்கியதோடு அமையாது, கூட்டலிலே பத்து ஒன்றுகள் ஒரு பத்தாகச் சேர்தலும் கழித்தலிலே ஒரு பத்து பத்து ஒன்றுகளாகப் பிரிதலும் ஒரே செயலின் இரு முகங்கள் என்று இணைத்துக் காட்டினர். இதிலே வியப்பு யாதெனின், அச்சீன ஆசிரியர் பெற்ற கல்வி பதினொன்று பன்னிரண்டு ஆண்டுகளே. அமெரிக்க ஆசிரியரோ பல்கலைக்கழகப் பட்டதாரிகள். பட்டம் வேறு, பாடத்தின் அடியாழம் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மற்றொரு வினா பின்னத்தைப் பற்றியது. ஒன்றே முக்காலை அரையால் வகுக்க. அதற்கு ஏற்ற ஒரு கதையும் சொல்லுக என்பது அது. கணக்கைச் செய்ய முயன்ற 21 அமெரிக்க ஆசிரியருள் 9 பேரே விடையைச் சரியாகக் கண்டனர். சீன ஆசிரியர் 72 பேரும் சரியாகச் செய்தனர். கதை சொல்லுதலிலோ இடைவெளி மேலும் பெரிது. சீனருட் பத்தில் ஒன்பது பங்கினர் பொருத்தமான கதை சொன்னார்கள். அமெரிக்கருள் ஒருவரே சொல்ல முடிந்தது. பிழைத்தவர் பலர் அரையால் வகுத்தலை இரண்டாகப் பங்கிடுதலோடு மயங்கினார்கள். ஒன்றே முக்கால் அப்பத்தை இருவருக்குப் பங்கிட்டார்கள்!

இக்கணக்கை வாசித்தபொழுது எனக்குள்ளிருந்த இலக்கணக்காரன் விழித்துக்கொண்டான். "அரையாகப் பிரி", "அரையால் வகு" என்னும் இரண்டையும் நோக்குக. முன்னையதில் "ஆக" என்பது ஆக்கப்பொருள் தந்து நிற்கின்றது. பொருள் அரையரையாக ஆகின்றது. பின்னையதில் "ஆல்" மூன்றாம் வேற்றுமையுருபு, கருவிப்பொருளிலே வந்தது. வாளால் வெட்டினான் என்றால் வாள் கருவி. அரையால் வகு என்றால் அரை கருவி. எதற்குக் கருவி? அளத்தற்கு. ஆகவே அரையால் வகு என்பதன் பொருள், அரை என்னும் அளவுகருவியால் அளந்து பார். எத்தனை முறை அளக்கலாம் சொல் என்பதாம். நமது மொழி இவ்வேறுபாட்டை ஓர் உருபிலே பொதிந்து வைத்திருக்கின்றது. நாமோ உருபை வேற்றுமைப் பாடத்திலும் வகுத்தலைக் கணக்குப் பாடத்திலும் பிரித்து வைத்து, ஒன்று மற்றொன்றின் முகத்தில் விழியாதபடி காத்து வருகிறோம்.

அளவுகருவி வீட்டிலேயே இருக்கின்றது. நான்கு சுண்டு ஒரு கொத்து என்பது நம் தாய்மார் அறிந்த வாய்ப்பாடு. இன்று கடையிலே கிலோக் கணக்கு வந்துவிட்ட போதிலும், உலைக்கு அரிசி போடும்பொழுது சுண்டுதான் கையில் இருக்கின்றது. ஒன்றே முக்கால் கொத்து அரிசி எத்தனை சுண்டு? ஏழு. அரைக்கொத்து எத்தனை சுண்டு? இரண்டு. ஏழு சுண்டு அரிசியை இரண்டு சுண்டு கொள்ளும் பாத்திரத்தால் அளந்தால் மூன்று முறை நிறைய அளக்கலாம்; நான்காம் முறை பாத்திரம் பாதியளவே நிரம்பும். விடை மூன்றரை. தலைகீழாக்கிப் பெருக்கு என்னும் மந்திரம் தேவைப்படவில்லை. மந்திரத்தைப் பின்னர்ச் சொல்லிக் கொடுக்கலாம். அப்பொழுது அது மந்திரமாக இராது.

முக்கால் என்னும் சொல்லையும் சிறிது நிறுத்திப் பார்க்கலாம். மூன்று கால் முக்கால். அச்சொல்லுக்குள்ளேயே தொகுதியும் பகுதியும் அடங்கிக் கிடக்கின்றன. ஆனால் நான்காந் தரத்துப் பிள்ளையிடம் முக்காலில் எத்தனை கால் என்று கேட்டால் விழிக்கிறது. பலமுறை கண்டிருக்கிறேன். சொல்லைப் பிள்ளை முழுதாகவே விழுங்கிவிட்டது. பிரித்துப் பார்க்க எவரும் சொல்லவில்லை.

எண்ணுப்பெயரிலும் இவ்வாறே. இருபது என்பது இரு பத்து, முப்பது மூன்று பத்து, பதின்மூன்று பத்தும் மூன்றும். தமிழ் எண்ணுப்பெயர்கள் தம் அமைப்பைத் தாமே சொல்லுவன. ஆங்கிலப் பிள்ளை பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் பத்தோடு தொடர்பு விளங்காத தனிச்சொற்களைக் கற்கின்றது. சீனப் பிள்ளையோ பத்து-ஒன்று, பத்து-இரண்டு, இரண்டு-பத்து என்று எண்ணுகிறது. நாம் சீனர் பக்கத்தில் நிற்கிறோம். ஒரே ஓர் இடர் உண்டு. எண்பதுக்குப்பின் தொண்பது வராது தொண்ணூறு வருகின்றது. அதன்பின் எண்ணூறுக்குப்பின் தொள்ளாயிரம் வருகின்றது. பத்தின் பெயரிலே நூறும், நூற்றின் பெயரிலே ஆயிரமும் ஒலிக்கின்றன. தொண்ணூற்றாறு என்று சொல்ல 906 என்று எழுதிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அப்பிள்ளையை மடையன் என்று ஏசுவார் உளர். மடமை பிள்ளையிடம் இல்லை. காதிலே விழுந்த நூறை நேர்மையாக எழுதியிருக்கிறது. தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலிலே இவ்வெண்ணுப்பெயர்களின் புணர்ச்சிக்குச் சூத்திரம் பல வகுத்திருக்கின்றார். பண்டித வகுப்பிலே அவற்றை நெட்டுருச் செய்கிறோம். அவ்வறிவைச் சூத்திரமின்றி, ஒன்பது ஈர்க்குக்கட்டோடு மூன்றாந் தரத்துக்குக் கொண்டுவருதல் தமிழாசிரியனுக்கே இயலும்.

இவ்விடத்தில் ஒரு சிறு வேடிக்கை. உயர்வகுப்புக் கணிதத்திலே பொருள்களின் கூட்டத்துக்குத் "தொடை" என்று நம் நாட்டிலே பெயரிட்டிருக்கின்றனர். தமிழ்நாட்டார் "கணம்" என்பர். எதுகைத் தொடை, மோனைத் தொடை என்று யாப்பிலே படித்த மாணாக்கன் கணித வகுப்பிலே தொடையைக் கண்டு மயங்கினால் அவன் மீது பிழையில்லை. ஆயினும் தொடுக்கப்பட்டது தொடை என்று வேர்ப்பொருளை ஆசிரியர் ஒரு வரி சொன்னால் இரண்டும் உறவாகிவிடும்.

வாக்கியக் கணக்குகளிலே மொழியின் பங்கு இன்னும் வெளிப்படை. "கண்ணனிடம் 8 மாம்பழங்கள் உள்ளன. அது மாலாவிடம் உள்ளவற்றிலும் 3 கூட. மாலாவிடம் எத்தனை?" வகுப்பிலே பெரும்பாலான கைகள் 11 என்று எழுதும். கூட என்று கண்டால் கூட்டு, குறைய என்று கண்டால் கழி என்று பயிற்றுவித்ததன் பலன் அது. "அது" என்னும் சுட்டு எதனைச் சுட்டிற்று, "இலும்" என்பது எதனோடு எதனை உறழ்ந்தது என்று பிள்ளை பார்ப்பதில்லை. புலமைப் பரிசிற் பயிற்சி வகுப்புகளிலே இத்தகைய சூட்சுமங்கள் பட்டியலாகக் கொடுக்கப்படுகின்றன. பத்துக் கணக்கில் எட்டுக்கு அவை பலிக்கும். பலிப்பதனாலேயே அவை நஞ்சு.

இவ்வாறு கூறுவதால் மனனத்தைப் பழிப்பார் கட்சியில் யான் சேர்ந்துவிட்டேன் என்று எண்ணற்க. வாய்ப்பாடு மனனமாதல் வேண்டும். நம் முன்னோர் திண்ணைப் பள்ளியிலே எண்சுவடியை மனனஞ் செய்தனர். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, மா இருபதில் ஒன்று, வீசம் பதினாறில் ஒன்று என்று கீழ்வாயிலக்கத்தைப் பாடமாக்கிய பிள்ளை, நெல்லளக்கும் களத்திலும் நிலமளக்கும் வரப்பிலும் அவை புழங்கக் கண்டது. களத்திலே முதலளவையை "ஒன்று" என்னாது "லாபம்" என்று தொடங்கும் வழக்கமும் இருந்தது. எண்ணுதல் அங்கே வாழ்வோடு ஒட்டிய வினை. அன்று மனனத்துக்குப் பின்னால் களம் இருந்தது. இன்று மனனம் இருக்கின்றது, களம் இல்லை.

யாழ்ப்பாணத்தவராகிய கரோல் விசுவநாதபிள்ளை 1855ஆம் ஆண்டிலேயே வீசகணிதத்தைத் தமிழிலே நூலாக எழுதியவர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவருள் அவர் ஒருவர். மற்றவர் பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளை. உயர்கணிதம் தமிழில் வருமோ என்னும் ஐயம் 170 ஆண்டுகளுக்கு முன்னரே தீர்ந்தது. அதனைப் பேசிப் பெருமிதங் கொள்ளுதல் எளிது. மூன்றாந் தரத்துக் கழித்தல் தமிழில் விளங்குகிறதா என்று பார்த்தல் அத்துணை எளிதன்று.

இனி வன்னியின் இன்றைய நிலைக்கு வருவோம். 2008, 2009ஆம் ஆண்டுகளிலே இங்கே பாடசாலை என்பது இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மரநிழலாயிற்று. பின்னர் அதுவும் இல்லையாயிற்று. யுத்தம் முடிந்தபொழுது செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களிலே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். கூடாரங்களின் கீழே வகுப்புகள் நடந்தன. அம்முகாம் 2012 செப்டெம்பரிலே மூடப்பட்டது. அன்று ஆறு, ஏழு வயதினராயிருந்த பிள்ளைகள் இன்று தாய் தந்தையர். தாம் இரண்டாந் தரத்தையும் மூன்றாந் தரத்தையும் பதுங்குகுழிக்கும் கூடாரத்துக்கும் இடையே தொலைத்துவிட்டவர்கள், இன்று தம் பிள்ளையின் கைப்பிடித்து முதலாந் தரத்து வாசலுக்கு வருகின்றனர். "எனக்குக் கணக்கு வராது சேர், நீங்கள்தான் பார்க்க வேணும்" என்று அத்தாய்மார் கூறும்பொழுது அவர்களுக்குக் கணக்கு வராமற் போனதன் காரணம் கூறுவார்க்கும் கேட்பார்க்கும் தெரியும். அதைப்பற்றி இருவரும் பேசுவதில்லை.

கணக்கு விளங்காமையின் விலையை அவர்கள் பரீட்சைத் தாளிலே கொடுக்கவில்லை. யுத்தத்தின் பின் நுண்கடன் நிறுவனங்கள் வன்னியின் ஒழுங்கை தோறும் வந்தன. கிழமைக்குக் கிழமை தவணை. 2018ஆம் ஆண்டிலே, வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர நேர்ந்ததெனின் அதன் கொடுமையை ஊகித்துக்கொள்க. ஒரு பெண் 50,000 ரூபா கடன் பெற்று, வாரம் 1,250 ரூபாவாக 50 வாரங்கள் கட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கட்டுவது 62,500. மேலதிகம் 12,500. நூற்றுக்கு 25 வட்டி என்பர். அவளும் அப்படியே நம்புவாள்.

ஆயின் 50,000 ரூபாவும் ஆண்டு முழுவதும் அவள் கையில் இருந்ததா? இல்லை. வாரந்தோறும் முதலில் 1,000 ரூபா திரும்பிக்கொண்டிருந்தது. முதல் வாரத்திலே அவளிடம் 50,000, கடைசி வாரத்திலே 1,000, சராசரியாக 25,500. அந்த 25,500க்கே அவள் 12,500 கொடுத்தாள். வட்டி ஏறக்குறைய நூற்றுக்கு 49. இக்கணக்கிலே ஐந்தாந் தரத்துக்கு மேற்பட்ட வித்தை ஒன்றுமில்லை. கூட்டல், பாதியாக்கல், நூற்றுக்கு எவ்வளவு என்னும் விகிதம், அவ்வளவே. ஆனால் இதனைச் செய்முறையாகக் கற்றவர்க்கு இது தோன்றாது. எந்தத் தொகைக்கு எந்தக் காலத்துக்கு என்று கேட்கப் பழகியவர்க்கே தோன்றும். வாங்கிய கடனை எப்ப திருப்பிக் குடுக்கிறது என்று கேட்ட சிறுவனின் வினா எத்துணைப் பெரிய வினா!

பிள்ளைகளுக்கு விளங்கக் கற்பித்தல் நன்றே, ஆயினும் நேரம் எங்கே என்பர் ஆசிரிய நண்பர். அவர் சொல்லுவதும் மெய். ஐந்தாந் தரத்துப் புலமைப் பரிசிற் பரீட்சைக்கு நாடெங்கும் ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தோற்றுகின்றனர். 2024இலே வினாக்கள் முன்னரே கசிந்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பத்து வயதுப் பிள்ளையின் பரீட்சைக்கு அத்துணை வெப்பம். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படம் சந்தியிலே பதாகையாகத் தொங்குகின்றது. தாண்டாத பிள்ளை அதன் கீழாலே சைக்கிளிற் போகின்றது. பரீட்சையை ஒழித்துவிடுக என்று கொழும்பிலிருந்து கூறுவது எளிது. துணுக்காயிலோ வவுனியா வடக்கிலோ கூலிவேலை செய்யும் தந்தைக்கு, தன் பிள்ளை நல்ல பாடசாலையொன்றுக்குச் செல்லத் திறந்திருக்கும் ஒரே கதவு அதுவாக இருக்கும்பொழுது, அக்கதவைத் தட்டாதே என்று யான் சொல்லேன். தட்டுகின்ற பிள்ளைக்கு ஈர்க்குக்கட்டு அவிழ்க்கும் ஒரு வாரத்தை மறுத்தல் ஆகாது என்பதே என் வாதம். அந்த ஒரு வாரம் பின்வரும் எத்தனையோ வாரங்களின் திரும்பக் கற்பித்தலை மிச்சப்படுத்தும் என்பது என் அனுபவம்.

சீர்திருத்தங்களுக்கோ நம் நாட்டிலே குறைவில்லை. 1998இலே கம்பகாவில் தொடங்கி மறுவருடம் நாடெங்கும் பரவிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்றையும் இணைத்துக் கற்பிக்கச் சொல்லிற்று. நல்ல திட்டம். யுத்தத்துள் அகப்பட்டிருந்த வன்னிக்கு அதன் அறிவுரை வந்த அளவுக்கு அதன் பொருள்கள் வரவில்லை என்பது ஒருபுறமிருக்க, வந்த இடங்களிலும் செயற்பாடு என்பது பல வகுப்புகளில் வர்ணக் கடதாசி வெட்டுதலாக முடிந்தது. கையிலே பொருள் இருத்தல் போதாது. அப்பொருளைக் கொண்டு எதனை விளக்குகிறோம் என்பது ஆசிரியன் உள்ளத்திலே தெளிவாக இருத்தல் வேண்டும். அத்தெளிவு சுற்றுநிருபத்தால் வருவதன்று.

லிப்பிங் மா கண்ட சீன ஆசிரியர்க்கு அது எவ்வாறு வந்தது? அவர்கள் ஆசிரியராக வந்த பின்னரே பெரும்பாலும் அதனைப் பெற்றனர். பாடநூலை நாடோறும் நுணுகிப் படித்தனர். சக ஆசிரியரோடு குழுவாக அமர்ந்து ஒரு கணக்கை எத்தனை வழியிற் செய்யலாம், பிள்ளை எங்கே தவறும் என்று வாதிட்டனர். நம் பழைய பாடங்கேட்கும் முறையும் இதற்கு அந்நியமன்று. ஒரு சூத்திரத்துக்கு இளம்பூரணர் ஒரு பொருளும் நச்சினார்க்கினியர் வேறு பொருளும் கூற, இரண்டையும் வைத்து மாலை முழுதும் வாதிட்டுப் பழகிய பரம்பரை நமது. 52இல் 27 கழித்தலுக்கும் உரைவேற்றுமை உண்டு என்று ஒப்புக்கொண்டால் போதும்.

சேவைக்காலப் பயிற்சி என்று வலயக் கல்வி அலுவலகம் அழைத்து, நூறு ஆசிரியரை மண்டபத்திலிருத்தி ஒருநாள் விரிவுரை செய்வதால் இது கூடிவராது. அண்டையண்டையாயுள்ள மூன்று நான்கு சிறு பாடசாலைகளின் ஆசிரியர், கிழமையில் ஒரு பிற்பகல், ஒரே ஒரு கணக்கோடு அமர்தல் வேண்டும். அதற்கு வேண்டுவன, அப்பிற்பகலைக் கடமையாக எண்ணும் ஓர் அனுமதியும், பஸ் அடிக்கடி ஓடாத வழிகளிலே போய்வரும் செலவும். புதிய பாடநூல் அச்சிடும் செலவோடு ஒப்பிட்டால் இது அற்பம்.

எங்கள் பக்கத்திலே அனுமதியும் செலவும் இன்றியே சிலர் இவ்வாறு கூடத் தொடங்கினோம். சென்ற முறை எடுத்துக்கொண்ட கணக்கு 300இல் 148. நடுவிலே பூச்சியம் இருப்பதாற் பிள்ளைகள் அதிகம் தவறுவது அது. நூற்றைப் பத்துகளாக்கி, பத்தை ஒன்றுகளாக்கி இருமுறை இனமாற்றம் செய்து காட்டினோம். அப்பொழுது இளம் ஆசிரியை ஒருவர், இரண்டிலும் ஒவ்வொன்று குறைத்து 299இல் 147 என்று ஆக்கினால் இனமாற்றமே வேண்டாம், விடை 152 தானே என்றார். இரண்டிலும் ஒன்று குறைக்கலாம் என்பதற்கு நியாயம் என்ன, பிள்ளைக்கு அதை எப்படிக் காட்டுவது என்று வாதம் எழுந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் உள்ள வயது வேறுபாடு போன வருடமும் இதுதானே, வரும் வருடமும் இதுதானே என்றார் அவர். அடுத்த கிழமை அவர் வகுப்பிலே அதனைச் செய்து பார்ப்பதென்றும், பிள்ளைகள் கேட்கும் வினாக்களை எழுதிக்கொண்டு வருவதென்றும் முடிவாயிற்று.